கையை எப்போது எடுப்பது

சின்னப் பிள்ளைக்கு ஒரு வேலையைப் பழக்கும்போது எப்படிச் சொல்லிக்கொடுப்பது என்று எல்லோரும் கேட்கிறார்கள். அந்த நேரத்தில் நம் கை எங்கே இருக்க வேண்டும் என்று அநேகமாக யாரும் கேட்பதில்லை. எனக்கு இந்த இரண்டாவது கேள்விதான் பெரிதாகப் படுகிறது. இரண்டு பிள்ளைகளை வளர்த்திருக்கிறேன். நடுவில் சில வருஷம் மழலையர் வகுப்பில் உதவி ஆசிரியையாகவும் இருந்தேன். சட்டைப் பட்டன், ஜிப், ஷூ லேஸ், கத்தரிக்கோல், சைக்கிள் என்று கையும் உடம்பும் பழக வேண்டிய வேலைகளில் பார்த்ததையும், அதையொட்டித் தேடிப் படித்ததையும்தான் எழுதுகிறேன். பேச்சும் எழுத்தும் எண்ணும் வேறு கதை.

முதலில் நடை. அதற்கு வகுப்பு கிடையாது, வாத்தியார் கிடையாது. பிள்ளை தானாகப் பழகிக்கொள்கிறது. எப்படி? நியூயார்க் பல்கலைக்கழகத்தில் கேரன் அடால்ஃபும் அவர் குழுவினரும் 12 முதல் 19 மாதக் குழந்தைகளை இஷ்டத்துக்கு விளையாட விட்டு, எத்தனை அடி வைக்கிறார்கள், எத்தனை தரம் விழுகிறார்கள் என்று எண்ணினார்கள். 2012-ல் வெளிவந்த அந்த ஆய்வின்படி சராசரியாக மணிக்கு 2,368 அடி, 17 விழுகை. மணிக்குப் பதினேழு தரம் விழுந்தால் நானெல்லாம் மறுநாள் நாற்காலியை விட்டு எழுந்திருக்க மாட்டேன்.

அந்த அடிகளை அவர்கள் எங்கே போவதற்காக வைக்கிறார்கள் என்று கவனித்தால் இன்னும் வேடிக்கை. பெரும்பாலும் எங்கேயும் போவதற்காக இல்லை. நாலு அடி, ஒரு நிற்றல், ஒரு திரும்பல், உட்கார்ந்து எதையோ நோண்டல், மறுபடி மூன்று அடி. இதைத்தான் நாம் 'சும்மா சுற்றிக்கொண்டிருக்கிறது' என்கிறோம். "வா, வா, அம்மாகிட்ட வா" என்று எதிரே உட்கார்ந்து கை நீட்டிப் பழக்கும் நேரம் ஒரு நாளில் எவ்வளவு இருக்கும்? அதைவிடப் பல மடங்கு பயிற்சி நாம் பார்க்காதபோதுதான் நடக்கிறது. ஆகவே நடை பழகும் பிள்ளைக்கு நான் செய்தது, தரையில் இடம் ஒதுக்கியதும், முனை கூரான சாமான்களை எடுத்து வைத்ததும், வீட்டுக்குள் வெறுங்காலோடு விட்டதும்தான். இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்து நடத்துவது எனக்குப் பிடிக்காது. அப்படி நடக்கும்போது பிள்ளையின் பாதி எடை நம் கையில் தொங்குகிறது. உடம்பு முன்னால் சாய்கிறது. தன்னைத் தானே நிறுத்திக்கொள்ளும் வேலை அதற்கு வருவதேயில்லை. பிடித்தே ஆக வேண்டுமென்றால் இடுப்பைப் பிடிக்கலாம். அப்போது கை இரண்டும் அதன் வசம் இருக்கும், தடுமாறும்போது விரித்துக்கொள்ளும்.

எப்போது நடக்கும் என்ற கவலை எல்லா வீட்டிலும் உண்டு. உலக சுகாதார நிறுவனம் 2006-ல் வெளியிட்ட அளவீட்டில், பிள்ளைகள் தனியாக நடக்கத் தொடங்கிய காலம் 8.2 மாதத்திலிருந்து 17.6 மாதம் வரை நீள்கிறது. இந்தப் பக்கத்து வீட்டுப் பிள்ளைக்கும் அந்தப் பக்கத்து வீட்டுப் பிள்ளைக்கும் ஒன்பது மாதம் வித்தியாசம் இருந்தாலும் இரண்டும் இயல்புதான். அதே அளவீட்டில் நூற்றுக்கு நாலு பிள்ளைகள் கையும் முட்டியும் ஊன்றித் தவழவேயில்லை. என் மகளும் அந்தக் கட்சி. உட்கார்ந்தபடியே ஒரு காலால் தரையைத் தள்ளித் தள்ளி வீடு முழுக்க நகர்ந்தாள். பதினெட்டு மாதம் ஆகியும் தனியாக நடக்கவில்லை என்றால் மருத்துவரிடம் காட்டுவது நல்லது. வந்த திறமை ஒன்று திரும்பிப் போய்விட்டால், எந்த வயதானாலும், தாமதிக்காமல் காட்ட வேண்டும்.

அந்த மகளிடம் ஒன்றைக் கவனித்தேன். உட்கார்ந்து நகர்ந்த காலத்தில் கட்டில் விளிம்பு வந்தால் அவளுக்குத் தெரியும். நிற்பாள், திரும்புவாள், காலை முதலில் தொங்கவிட்டு வயிற்றால் சறுக்கி இறங்குவாள். அவ்வளவு நிதானம். எழுந்து நடக்கத் தொடங்கிய பிறகோ, அதே கட்டிலில் அதே விளிம்பைத் தாண்டிக் காற்றில் கால் வைக்கப் போனாள். இத்தனை நாள் தெரிந்தது எங்கே போயிற்று?

அடால்ஃப் இதையே சரிவான பலகைகளை வைத்துச் சோதித்திருக்கிறார். பல வாரம் தவழ்ந்து பழகிய குழந்தைகள் எந்தச் சரிவு தங்களால் முடியும், எது முடியாது என்று சரியாகக் கணித்தன. செங்குத்தான சரிவில் இறங்க மறுத்தன. அதே குழந்தைகள் நடக்கத் தொடங்கியதும் அந்தச் செங்குத்துச் சரிவில் நேராகக் கால் வைத்து உருண்டன (கீழே பிடித்துக்கொள்ள ஆள் இருந்தது). நடக்கும் உடம்பு விளிம்பை மறுபடி முதலிலிருந்து படித்தது. தவழும் உடம்புக்குத் தெரிந்திருந்தது அதற்கு உதவவில்லை.

இதைப் படித்த பிறகு 'இவளுக்குத்தான் தெரியுமே' என்ற சொல்லை நான் ரொம்ப யோசித்துத்தான் சொல்கிறேன். நிற்பது, நடப்பது, ஏறுவது என்று உடம்பு புதிய நிலைக்கு மாறும் ஒவ்வொரு தரமும் வீட்டின் பாதுகாப்பை முதலிலிருந்து பார்க்க வேண்டும். மாடிப்படிக் கதவைத் திறந்து போடலாம் என்று தோன்றும் வாரம்தான் அதைச் சாத்தி வைக்க வேண்டிய வாரம். இந்த விஷயம் விழுவதோடு முடிவதில்லை. மடியில் கிடத்திய சட்டைக்கு அழகாகப் பட்டன் போடும் பிள்ளை, அதே சட்டையைத் தான் போட்டுக்கொண்டால் திணறும். பார்க்கும் கோணம் மாறிவிட்டது, கை வளையும் விதம் மாறிவிட்டது, துணி அசைகிறது. மறந்துவிட்டதாகவோ அடம் பிடிப்பதாகவோ பெரியவர்களுக்குத் தோன்றுகிறது. பிள்ளைக்கு அது புது வேலை.

பட்டனுக்கு வந்துவிட்டோம். கையைப் பற்றி நான் சொல்ல வந்ததில் முக்கால்வாசி இந்த உடுத்தும் வேலைகளில்தான் இருக்கிறது.

வழக்கமாக நாம் பழக்கும் முறை இது: முதல் படியிலிருந்து பிள்ளையைச் செய்யச் சொல்வோம், முடியாத இடம் வந்ததும் வாங்கி நாம் முடித்துக் கொடுப்போம். ஜிப் வைத்த மேல்சட்டையை எடுத்துக்கொள்ளுங்கள். இருப்பதிலேயே கடினமான வேலை தொடக்கத்தில் இருக்கிறது. கீழ் முனையில் இருக்கும் குச்சியை ரன்னருக்குள் (மேலும் கீழும் ஓடும் அந்த இழுப்பானுக்குள்) அடிவரை நுழைக்க வேண்டும், நுழைத்ததை நழுவாமல் பிடிக்க வேண்டும், அதன்பிறகுதான் இழுக்க வேண்டும். மூன்று வயதுப் பிள்ளை முதல் படியிலேயே தோற்கிறது. நாம் வாங்கி, மாட்டி, சர்ரென்று இழுத்துவிடுகிறோம். சுகமான பகுதி முழுக்க நமக்கு, திணறல் முழுக்க அதற்கு.

ஆக்குபேஷனல் தெரபி, அதாவது அன்றாட வேலைகளைச் செய்யப் பழக்கும் சிகிச்சை, செய்பவர்கள் இதைத் தலைகீழாகச் செய்வார்கள். கடைசிப் படியிலிருந்து தொடங்குவார்கள். நான் குச்சியை மாட்டி, நெஞ்சுவரை இழுத்து, மேலே ஒரு சாண் மிச்சம் வைப்பேன். அந்த ஒரு சாணை மகன் இழுப்பான். வேலை அவன் கையில் முடிகிறது. அது பழகிய பிறகு வயிற்றிலிருந்து இழுக்க விடுவேன். பிறகு அடியிலிருந்து, அப்போது என் வேலை, கீழ் முனையை விறைப்பாகப் பிடித்துக்கொள்வது மட்டும். அப்புறம் அந்தப் பிடிப்பும் அவனுடையது, ஒரு கை கீழே, ஒரு கை மேலே. குச்சியை நுழைப்பதுதான் கடைசியாக வந்தது. அதற்கு மாதங்கள் ஆயின, ஆகட்டும். நடுவில் ஒரு நாள்கூட ஜிப் அவனுக்குத் தோல்வியாக முடியவில்லை. ரன்னரின் இழுக்கும் நாக்கு ரொம்பச் சின்னதாக இருந்தால் ஒரு தடித்த நூலை வளையமாகக் கட்டிவிடுங்கள். பாதித் தொல்லை அதிலேயே போய்விடும்.

இந்த வரிசை ஏன் வேலை செய்கிறது என்பதற்கு எனக்குத் தோன்றும் காரணம் இதுதான். முன்னிருந்து பழக்கும்போது தெரிந்ததில் தொடங்கித் தெரியாததற்குள் போய்ச் சிக்குகிறது பிள்ளை. பின்னிருந்து பழக்கும்போது தெரியாத ஒரு துண்டைத் தாண்டினால் மீதி எல்லாம் பழகிய வழி. களைப்பு வரும் நேரத்தில் கைக்குச் சுலபமானது வருகிறது.

பட்டனில் இதையே காஜாவுக்குள் செய்ய வேண்டும். பட்டனைப் பாதி நுழைத்து நிறுத்துவேன். வெளியே எட்டிப் பார்க்கும் விளிம்பைப் பிடித்துப் பிள்ளை இழுக்கும். பிறகு நான் காஜாவை விரித்துப் பிடிக்க, பிள்ளை தள்ளும். பிறகு இரண்டும் பிள்ளை. பட்டன் பெரியதாக, துணி கொஞ்சம் தடித்ததாக, காஜா சற்றுத் தளர்ந்ததாக இருக்க வேண்டும். புதுச் சட்டையில் பழக்காதீர்கள், அதன் காஜா விறைப்பாக இருக்கும். முதலில் மடியில் கிடத்திய சட்டை, பிறகு போட்டிருக்கும் சட்டை. போட்ட சட்டையில் அடிப்பட்டனிலிருந்து மேலே போக வேண்டும். கழுத்துப் பட்டன் கண்ணுக்கே தெரியாது, மோவாய் மறைக்கும். அடியிலிருந்து போனால் இன்னொரு லாபம்: இரண்டு ஓரங்களையும் சேர்த்துப் பார்த்துத் தொடங்கலாம், பட்டன் மாறிப் போய் ஒரு பக்கம் தூக்கி நிற்காது.

டி-ஷர்ட்டில் கடைசிப் படி, நெஞ்சிலிருந்து கீழே இழுத்துவிடுவது. கால்சட்டையில், உட்கார்ந்து முட்டிவரை நாம் ஏற்றியதை எழுந்து நின்று இடுப்புக்கு இழுப்பது. சாக்ஸில், குதிகாலைத் தாண்டிய பிறகு மேலே ஏற்றுவது; பழகும் மட்டும் ஒரு அளவு பெரிய சாக்ஸ் வாங்கினால் சண்டை குறையும். கழற்றுவது மாட்டுவதைவிடச் சுலபம், அதனால் எல்லாவற்றிலும் முதலில் கழற்றப் பழக்குங்கள். இதெல்லாம் சொன்னால் ஒரு வரி, செய்தால் ஒரு வருஷம்.

ஷூ லேஸ் இன்னும் தள்ளிப் போகலாம். ஐந்து ஆறு வயதுக்கு முன் பெரும்பாலான பிள்ளைகளின் விரல்கள் அதற்குத் தயாராக இருப்பதில்லை. அதுவரை வெல்க்ரோ போதும், அதில் வெட்கம் ஒன்றுமில்லை. பழக்கும்போது இரண்டு நிறத்தில் லேஸ் கட்டுங்கள். "இதை எடுத்து அதுக்கு மேல போடு" என்ற வாக்கியத்தில் எது இது, எது அது? "சிவப்பை நீலத்துக்கு மேல போடு" என்றால் புரியும். ஷூவை மேசைமேல் முனை வெளியே பார்க்க வைத்துப் பழக்குவது காலில் மாட்டிக் குனிந்து பழக்குவதைவிட எளிது. எங்கே உட்காருகிறோம் என்பதும் முக்கியம். எதிரே உட்கார்ந்து காட்டினால் நம் வலது அதற்கு இடது; பிள்ளை அதை மனசுக்குள் புரட்டிப் போட வேண்டும். பக்கத்தில் உட்காருங்கள், அல்லது பின்னாலிருந்து கையை நீட்டிக் காட்டுங்கள். அப்போது இரண்டு பேரும் பார்க்கும் காட்சி ஒன்றாக இருக்கும்.

கைக்கு அடுத்தது வாய். கையால் காட்டும்போது பேசாதீர்கள். வகுப்பில் இதைத் தினமும் பார்த்தேன். ஆசிரியை பேசத் தொடங்கினால் பிள்ளையின் கண் அவர் முகத்துக்குப் போய்விடும். அதற்குள் விரல் செய்ய வேண்டியதைச் செய்து முடித்திருக்கும். மரியா மாண்டிசோரி 1907-ல் ரோமில் தொடங்கிய பள்ளியின் வழியில் வந்த வகுப்புகளில், துணியை மரச்சட்டத்தில் பொருத்தி, ஒரு சட்டத்தில் பட்டன், ஒன்றில் முடிச்சு என்று பழகத் தருவார்கள். அங்கே ஆசிரியை செய்து காட்டும்போது வார்த்தை அதிகம் வராது. கை மெதுவாகப் போகும், ஒவ்வொரு படிக்கும் நடுவில் கொஞ்சம் நிற்கும். அந்த நிற்றலை நான் அப்படியே எடுத்துக்கொண்டேன்.

வார்த்தை எப்போது உதவும் என்பது வயதைப் பொறுத்தது. டேவிட் வுட், ஜெரோம் புரூனர், கெயில் ராஸ் மூவரும் 1976-ல் வெளியிட்ட ஓர் ஆய்வில் 3, 4, 5 வயதுப் பிள்ளைகளுக்கு மரக்கட்டைகளைப் பொருத்திப் பிரமிடு கட்டக் கற்றுக்கொடுத்தார்கள். மூன்று வயதுக்காரர்களிடம் ஆசிரியையின் பெரும்பாடு, பிள்ளையை வேலையின் பக்கம் இழுத்து வைப்பதிலும் செய்து காட்டுவதிலும் போயிற்று. சொன்ன வார்த்தை காதில் ஏறவில்லை. நாலு வயதில் வாயால் திருத்தினால் போதுமானது. ஐந்து வயதில் 'சரியா இருக்கா?' என்ற பார்வைக்குத் தலையாட்டும் வேலைதான். மூன்று வயதுப் பிள்ளையிடம் "எத்தனை தரம் சொல்றது?" என்று கத்துபவர்களைப் பார்க்கும்போது எனக்கு இந்த ஆய்வு ஞாபகம் வரும்.

செய்து காட்டுவதிலும் ஒரு சங்கதி உண்டு. தண்ணீர் பாட்டிலை மூடும் முன் மூடியை உள்ளங்கையில் இரண்டு தட்டுத் தட்டுவது என் பழக்கம். ஏன் என்று எனக்கே தெரியாது. மூடி திருகக் கற்றுக்கொண்ட மகன் முதல் நாளிலிருந்தே இரண்டு தட்டுத் தட்டிவிட்டுத்தான் திருகினான். விக்டோரியா ஹார்னர், ஆண்ட்ரூ வைட்டன் இருவரும் 2005-ல் ஒரு பெட்டியை வைத்துச் சோதித்தார்கள். பெட்டியைத் திறக்கத் தேவையில்லாத அசைவுகளையும் சேர்த்துச் செய்து காட்டினார்கள். பெட்டி கண்ணாடி போல் உள்ளே தெரியும்படி இருந்தபோது, சிம்பன்ஸிக் குட்டிகள் அந்த வீண் அசைவுகளை விட்டுவிட்டு நேராகத் திறந்தன. 3, 4 வயதுப் பிள்ளைகள் வீண் அசைவு உட்பட அனைத்தையும் அப்படியே செய்தார்கள். குரங்குதான் கெட்டிக்காரன் என்று சிரிக்கலாம். ஆனால் காரணம் தெரியாத வேலையைக்கூடப் பார்த்தபடியே வாங்கிக்கொள்ளும் இந்தக் குணம் இல்லாவிட்டால் ஷூ லேஸ் முடிச்சை எந்தப் பிள்ளையும் கற்க முடியாது. நமக்கு உள்ள வேலை, காட்டும்போது நம் கையைச் சுத்தமாக வைத்துக்கொள்வது. அவசரத்தில் பல்லால் லேஸை இழுத்தால், பல்லும் பாடத்தில் சேர்ந்துவிடும்.

காட்டவே கூடாத இடங்களும் இருக்கின்றன. 2011-ல் எலிசபெத் போனவிட்ஸும் சக ஆய்வாளர்களும் பல வேலைகள் ஒளிந்திருக்கும் ஒரு பொம்மையை மழலையர் வயதுப் பிள்ளைகளிடம் கொடுத்தார்கள். 'இது இப்படி வேலை செய்யும், பார்' என்று ஒன்றைச் சொல்லிக்கொடுத்த பிள்ளைகள் அந்த ஒன்றையே செய்துகொண்டிருந்தார்கள். சொல்லிக்கொடுக்காமல் விட்ட பிள்ளைகள் நோண்டி நோண்டி மற்றவற்றையும் கண்டுபிடித்தார்கள். பெரியவர் ஒன்றைக் காட்டி நிறுத்தினால், இதில் இவ்வளவுதான் இருக்கிறது போலும் என்று பிள்ளை எடுத்துக்கொள்கிறது. அது முட்டாள்தனம் இல்லை, நம்மேல் வைத்த நம்பிக்கை. ஆகவே நான் பிரித்து வைத்துக்கொண்டேன்: ஜிப் போல ஒரே வழி உள்ள சாமானைக் காட்டலாம். கட்டை, களிமண், மணல், தண்ணீர், பெட்டிகள் போலப் பல வழி உள்ளதைத் தரையில் வைத்துவிட்டுப் போய்விடலாம்.

சைக்கிள் பழக்குவதில் ஒரே வார்த்தை: பெடலைக் கழற்றுங்கள். இருக்கையை இரண்டு பாதமும் தரையில் படியும் அளவுக்கு இறக்குங்கள். பிள்ளை காலால் உந்தி உந்தி நடக்கும், பிறகு ஓடும், பிறகு காலைத் தூக்கிக்கொண்டு மிதக்கும். மிதக்கும் தூரம் நீண்டதும் பெடலைத் திரும்ப மாட்டலாம். பின்னால் இரண்டு பக்கமும் குட்டிச் சக்கரம் பூட்டுவது பெடல் மிதிப்பதை முதலில் பழக்குகிறது. அதுதான் சைக்கிளில் சுலபமான பகுதி. சாய்ந்து நிமிர்வதுதான் கடினம், அந்தக் குட்டிச் சக்கரங்கள் சாயவே விடுவதில்லை. இருக்கையைப் பின்னாலிருந்து பிடித்துக்கொண்டு ஓடும் அப்பாக்களுக்கு நல்ல உடற்பயிற்சி, மறுக்கவில்லை.

பந்துக்கும் ஒரு வார்த்தை. பிடிக்கப் பழக்க, மெதுவாக இறங்கும் பலூனில் தொடங்கலாம். பிறகு பெரிய மெத்துப் பந்து. எறிவதை ஒரே தூரத்திலிருந்து பழக்க வேண்டாம். 1978-ல் கெர், பூத் இருவர் செய்த சோதனையில், 2 அடியிலும் 4 அடியிலும் மாறி மாறி எறிந்து பழகிய 8 வயதுப் பிள்ளைகள், 3 அடி இலக்கில், அந்த 3 அடியிலேயே பழகியவர்களைவிட நன்றாக எறிந்தார்கள். இலக்காக ஒரு வாளியை வைத்து, அதை நகர்த்தி நகர்த்தி வையுங்கள்.

இனி, கையைத் திரும்ப நீட்டலாமா என்ற கேள்வி. பிள்ளை திணறுகிறது. எப்போது உள்ளே போவது? நான் அதன் கண்ணைப் பார்ப்பேன். கண் வேலையின் மேல் இருக்கும்வரை, முகம் சுருங்கினாலும் மூச்சு இரைத்தாலும், உள்ளே ஏதோ ஓடிக்கொண்டிருக்கிறது. என் கை மடியிலேயே இருக்கும். கண் எழுந்து என் முகத்துக்கு வந்தால் அது கேட்கிறது. சாமானைத் தூக்கி எறிந்துவிட்டால் நான் தாமதித்துவிட்டேன் என்று அர்த்தம்; அப்போது பாடம் வேண்டாம், தூக்கிக்கொண்டு வேறு அறைக்குப் போக வேண்டியதுதான்.

கேட்ட பிறகும் முழு உதவி வேண்டாம். துணியை விறைப்பாகப் பிடித்துக்கொள்வது, பாட்டிலின் அடியை அசையாமல் பிடிப்பது, நின்று செய்ததை உட்கார்ந்து செய்யச் சொல்வது என்று வேலையைக் கொஞ்சம் இளக்கிக் கொடுத்தால் போதும். வாங்கி முடித்துக் கொடுப்பதற்கு ஒரு விலை உண்டு. ஜூலியா லெனார்டும் சகாக்களும் 2021-ல் வெளியிட்ட ஆய்வில், புதிர் ஒன்றைச் செய்துகொண்டிருக்கும்போது பெரியவர் கையிலிருந்து வாங்கி முடித்துவிட்ட 4, 5 வயதுப் பிள்ளைகள், அடுத்து வந்த கடினமான வேலையைச் சீக்கிரமே கைவிட்டார்கள். அதே லெனார்ட் 2017-ல் காட்டியது: பெரியவர் ஒருவர் திணறித் திணறிக் கடைசியில் ஒரு சாமானை வெளியே எடுப்பதைப் பார்த்த 15 மாதக் குழந்தைகள், தங்கள் கையில் வந்த பொம்மையோடு அதிக நேரம் போராடினார்கள். அதைப் படித்த பிறகு இறுகிப்போன மூடியை நான் பிள்ளைகளுக்கு எதிரிலேயே திறக்கிறேன். "வரலையே... துணி வச்சுப் பாக்கறேன்... ம்ம், வந்துடுச்சு!" கொஞ்சம் நாடகம்தான். ஆனால் மூடி நிஜமாகவே இறுகித்தான் இருந்தது.

கத்தரிக்கோலைப் பற்றிப் பயப்படுபவர்கள் அதிகம். நுனி மழுங்கிய, ஆனால் நன்றாக வெட்டும் குட்டிக் கத்தரிக்கோல் வாங்குங்கள். வெட்டாத கத்தரிக்கோல்தான் பிள்ளையை முறுக்கிப் பிடிக்க வைக்கிறது. மெல்லிய தாள் மடங்கிவிடும், தடித்த அட்டைக் காகிதம் நல்லது. அதைச் சின்ன நாடாக்களாக, ஒரே வெட்டில் துண்டாகும் அகலத்தில் நறுக்கிக் கொடுங்கள். ஒரு வெட்டு, ஒரு துண்டு கீழே விழும். அது போதும், கிண்ணம் நிறையும்வரை வெட்டுவார்கள். கோட்டின் மேல் வெட்டுவது நாலு வயதை ஒட்டி வரும். கட்டைவிரல் வானத்தைப் பார்க்க வேண்டும், முழங்கை உடம்போடு ஒட்டியிருக்க வேண்டும். வட்டம் வெட்டும்போது திரும்ப வேண்டியது காகிதம். காகிதத்தைப் பிடித்துத் திருப்பும் அந்த இன்னொரு கையின் வேலைதான் உண்மையில் கடினம், யாரும் அதைச் சொல்லிக்கொடுப்பதில்லை. பிள்ளை இடது கைக்காரர் என்றால் இடது கைக் கத்தரிக்கோலே வேண்டும். வலது கைக் கத்தரிக்கோலை இடது கையால் பிடித்தால் மேல் அலகு கோட்டை மறைக்கும், விரல் அழுத்தம் அலகுகளைப் பிரித்துவிடும். என் வகுப்பில் 'கை வராத பிள்ளை' என்று பெயர் வாங்கிய ஒருவனுக்கு வேறு கத்தரிக்கோல்தான் வேண்டியிருந்தது.

பென்சில் பிடிப்பைத் திருத்துவதற்குப் பதில் பென்சிலைத் திருத்தலாம். உடைந்த குட்டிக் கிரேயானை முஷ்டியால் பிடிக்க இடமில்லை, விரல் நுனிகள் தானாக வந்துவிடும். சுவரில் ஒட்டிய தாளில் வரைந்தால் மணிக்கட்டு சரியாக நிமிரும்.

வந்த திறமை சில நாள் தடுமாறும். காய்ச்சலுக்குப் பின், தூக்கம் கெட்ட வாரத்தில், தம்பி பிறந்த வீட்டில், பட்டன் போட்ட கை "நீ போடு" என்று நீளும். போட்டு விடுங்கள், சில நாளில் தானாக வாங்கிக்கொள்ளும். அறிவு வளர்வதாலும் கை தடுமாறுவதுண்டு. அனெட் கார்மிலோஃப்-ஸ்மித், பார்பெல் இன்ஹெல்டர் 1974-ல் பிள்ளைகளிடம் கட்டைகளைக் கம்பியின் மேல் சாயாமல் நிறுத்தச் சொன்னார்கள். சில கட்டைகளில் ஒரு பக்கம் மறைவாகக் கனம் வைத்திருந்தது. நாலைந்து வயதுப் பிள்ளைகள் தடவிப் பார்த்தே நிறுத்திவிட்டார்கள். ஆறு வயதை ஒட்டியவர்கள் எல்லாவற்றையும் நட்டநடுவில் வைத்துப் பார்த்து, விழுந்ததும் 'இது நிற்காது' என்று ஒதுக்கினார்கள். நடுவில் வைத்தால் நிற்கும் என்று ஒரு விதி அவர்களுக்குக் கிடைத்திருந்தது, அந்த விதி கையை மீறிக்கொண்டு வந்தது. இன்னும் கொஞ்சம் வயதானவர்கள் மறுபடி நிறுத்தினார்கள்.

தூக்கத்தையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். 2015-ல் சபீன் சீஹாகன் குழுவினர் 6 மாத, 12 மாதக் குழந்தைகளுக்குப் புதுச் செய்கை ஒன்றைக் காட்டினார்கள்; காட்டிய 4 மணி நேரத்துக்குள் அரை மணியாவது தூங்கியவர்களுக்குத்தான் அது நினைவில் தங்கியது. புதிதாக எதையும் பகல் தூக்கத்துக்குச் சற்று முன்னால், ஆனால் கண் சொக்கும் முன்பே, செய்து பார்ப்பது என் வழக்கம்.

ஸ்டிக்கர், நட்சத்திரம், பரிசு? மார்க் லெப்பர், டேவிட் கிரீன், ரிச்சர்ட் நிஸ்பெட் 1973-ல் வெளியிட்ட ஆய்வு பலருக்கும் தெரிந்ததுதான்: வரைவதில் ஏற்கெனவே ஆசை உள்ள பிள்ளைகளுக்கு 'வரைந்தால் பரிசு' என்று முன்கூட்டிச் சொல்லிக் கொடுத்தபோது, பிற்பாடு அவர்கள் தாமாக வரைந்த நேரம் குறைந்தது. எதிர்பாராமல் பரிசு பெற்றவர்களுக்கு அப்படி ஆகவில்லை. பிடிக்காத வேலைக்கு ஸ்டிக்கர் கொடுப்பதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. தானே இழுத்த ஜிப்புக்கு ஸ்டிக்கர் எதற்கு?

இதையெல்லாம் காலைப் பரபரப்பில் செய்ய முடியுமா என்று கேட்பீர்கள். முடியாது. பழக்குவது சாயங்காலத்தில், விடுமுறையில், எங்கும் போக வேண்டாத நேரத்தில். காலையில் எது நன்றாக வந்துவிட்டதோ அதை மட்டும் பிள்ளை செய்யும், மீதி நம் வேலை. ஆனால் வீட்டில் நாம் ஒருவர் மட்டும் இல்லையே. என் மாமியாருக்குப் பேரன் சாக்ஸோடு மல்லுக்கட்டுவதைப் பார்க்கப் பொறுக்காது. "குடு கண்ணு, பாட்டி போட்டுவிடறேன்" என்று குனிந்துவிடுவார். அவன் "நானே! நானே!" என்று காலை உதறுவான். நான் சொல்லிப் பார்த்தேன், "பிள்ளைக்குச் செய்யக்கூட எனக்கு உரிமையில்லையா?" என்று அவர் கேட்டதிலும் நியாயம் இருந்தது. கடைசியில் தீர்ப்பு சொன்னவன் மகன்தான். இடது கால் பாட்டிக்கு, வலது கால் தனக்கு. பாட்டி போடும்போது அவன் உன்னிப்பாகப் பார்க்கிறான். அவன் போடும்போது பாட்டி கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார், குதிகால் மேல் பக்கம் வந்துவிட்டால் மட்டும் "திருப்பு, திருப்பு" என்கிறார். அடுத்த வாரத்திலிருந்து இடது காலையும் கேட்கப்போவதாக அவன் என்னிடம் சொல்லியிருக்கிறான். பாட்டியிடம் நான் இன்னும் சொல்லவில்லை.